ஓரத்தில் விழுந்த வெள்ளை

சிவசக்திக்கு மூக்கு நுனியில் கோபம் என்று ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களின் வரிசை வீடுகளான லயங்களில் சொல்லுவார்கள். சொல்லுகிறவர்கள் பாதிதான் சொல்லுகிறார்கள். மூக்கு நுனியில் வருகிற கோபம் ஒரு தும்மலோடு போய்விடும். அவளுடையது வயிற்றில் கிடந்து வேகிற கோபம். காலையில் பஸ்ஸில் எவனாவது பிள்ளைத்தாய்ச்சியை நிற்கவிட்டு உட்கார்ந்திருந்தால், சாயந்தரம் வீட்டில் சோறு வடிக்கும்போதும் அவனைத் திட்டிக்கொண்டிருப்பாள். நாற்பதை எட்டிப் பிடிக்கப்போகிற வயது. பெண் பார்க்க வந்தவர்கள் அவளுடைய வாய்க்குப் பயந்து தேத்தண்ணியை முழுசாகக் குடிக்காமல் எழுந்து போனார்கள் என்பது லயத்துக் கதை. உண்மையில் எழுப்பி அனுப்பியது அவள்தான்.

பதுளை டவுனில் லத்தீப் நானாவின் ஸ்டூடியோவில் அவளுக்கு வேலை. முஸ்லிம் அண்ணன்மாரை அங்கே நானா என்றுதான் கூப்பிடுவார்கள். அடையாள அட்டைக்கும் பாஸ்போர்ட்டுக்கும் படம் எடுப்பாள். "சிரிக்காதீங்க" என்று அவள் சொன்ன பிறகு யாருக்கும் சிரிப்பு வராது. லீவு நாளில் கழுத்தில் ஒரு பழைய ரஷ்யக் கமராவை மாட்டிக்கொண்டு தோட்டம் தோட்டமாகத் திரிவாள். பிலிம் போடுகிற கமரா. ஸ்டூடியோ அலுமாரியில் தூசி பிடித்துக் கிடந்ததை, "கொண்டுபோங்க தங்கச்சி, எனக்கு எடத்த அடச்சிக்கிட்டு ஈக்குது" என்று லத்தீப்தான் தூக்கிக் கொடுத்தார். கறுப்பு வெள்ளைப் பிலிமை ஸ்டூடியோவின் பழைய இருட்டறையில் அவளே கழுவி, அவளே பிரதி போடுவாள்.

எல்லார் கையிலும் போன் இருக்கும்போது எதற்கு இந்தப் பிலிம் என்று கேட்டால் அதற்கும் கோபம்தான் பதில். ஒரு தடவை, வேறொரு தோட்டத்தில், கூரை பறந்துபோன லயக் காம்பராவை, அந்த ஒற்றையறை வீட்டை, போனில் படம் எடுத்தாள். நனைந்த பாயில் கைப்பிள்ளையோடு ஒருத்தி உட்கார்ந்திருந்த படம். தோட்டத்தில் வேலை வாங்குகிற கணக்கப்பிள்ளை வந்து நின்று, "அழிச்சிரு" என்றார். கூட நின்ற சனமும், "எதுக்குப் புள்ள வம்பு, அழிச்சிரு" என்றது. விரலால் ஒரு தட்டு. அந்தப் பொம்பளையும் பிள்ளையும் நனைந்த பாயும் இல்லாமல் போனார்கள். பிலிமில் அந்தத் தட்டு கிடையாது. எடுத்தது எடுத்ததுதான். அழி என்று எவன் வந்து நின்றாலும், "வாய்யா, வந்து நக்கி அழி" என்று சொல்லிவிட்டுப் போகலாம்.

இந்தக் கமராதான் ரெங்கம்மாவின் தலையில் பேயை ஏற்றிவிட்டது.

ரெங்கம்மா பக்கத்துக் காம்பராக்காரி. கொஸ்லந்தைப் பக்கம் மலை சரிந்து லயத்தை மூடிய காலையில் அவள் தேயிலைக் கொழுந்து எடுக்கப் போயிருந்தாள். மகள் நிரோஷினி பள்ளிக்கூடத்தில் இருந்தாள். புருஷன் மட்டும் வீட்டில். அவனுடைய உடம்பு கடைசிவரைக்கும் கிடைக்கவில்லை. மகளைக் கையில் பிடித்துக்கொண்டு தம்பி வீட்டுக்கு வந்தவள் இங்கேயே தோட்டத்து வேலைக்குப் பேர் பதிந்து, இங்கேயே கொழுந்து எடுத்து, மகளை ஆளாக்கினாள். அதிர்ந்து பேசமாட்டாள். நல்ல காரியம் என்றால் யாரும் சொல்லாமலே ஓரத்தில் போய் நின்றுகொள்வாள். தாலி இழந்தவள் நடுவில் நிற்கக்கூடாதாம். அதைப் பார்க்கும்போதெல்லாம் சிவசக்திக்குப் பற்றிக்கொண்டு வரும். "எதுக்குக்கா ஒதுங்குறீங்க? யாரு வீட்டக் கொளுத்துனீங்க?" என்பாள். ரெங்கம்மா சிரித்துக்கொண்டே இன்னும் ஒரு அடி ஒதுங்குவாள்.

அந்த லயத்தில் கூட்டமாகப் படம் எடுக்க ஒரே ஒரு இடம்தான் உண்டு. லயத்து வாசல். அதன் அந்தப் பக்கம் பள்ளம். அதனால் ஆட்கள் பள்ளத்து விளிம்பில் வரிசையாக நிற்க வேண்டும், எடுக்கிறவள் இஸ்தோப்பில், வீட்டு முன்திண்ணையில், நின்று எடுக்க வேண்டும். காலை வெயில் பள்ளத்துப் பக்கமிருந்து வரும். சூரியன் சனத்தின் முதுகில் அடிக்கும், கமராவின் மூஞ்சியில் அடிக்கும். இடத்தை மாற்றி ஆட்களைச் சூரியனைப் பார்க்க நிறுத்தினால் கண் கூசி எல்லாரும் புளி தின்றதுபோல நிற்பார்கள். சிவசக்திக்கு அதைவிட சூரியனோடு மல்லுக்கட்டுவது பரவாயில்லை.

தைப்பொங்கலுக்குப் பிறகு அந்த வாசலில் அவள் மூன்று கூட்டப் படம் எடுத்தாள். ஒன்று கொழுந்துப் பெண்கள் சேர்ந்து நின்றது. அடுத்தது மாரியம்மன் திருவிழாவுக்கு. மூன்றாவது, நிரோஷினியை ஹாலிஎலப் பக்கத்து மாப்பிள்ளைக்கு நிச்சயம் பண்ணிய அன்று. மூன்றிலும் ரெங்கம்மா நின்றது ஒரே முனையில், தண்ணீர் பிடிக்கிற பீலிப் பக்கம், சட்டென்று விலகிப் போக வசதியாக. மூன்றிலும் அவளுடைய தலை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெள்ளை. ஓரம் மங்கிய, உருண்டையான வெள்ளை. முதல் படத்தில் அவளுடைய முகம் பாதி தெரிந்தது. நிச்சயதார்த்தப் படத்தில் முகமே இல்லை. வெள்ளை தலையை விழுங்கிவிட்டு, தோளுக்குமேல் புகையாகப் படர்ந்து நின்றது.

படத்தை யாரோ போனில் பிடித்து வட்ஸ்அப்பில் விட்டார்கள். அதற்குப் பிறகு கண்ணும் காதும் மூக்கும் வைத்துக் கதை கிளம்பியது. மண்ணில் போன புருஷன் விடாமல் கூடவே நிற்கிறான். அவள் எங்கே நிற்கிறாளோ அங்கே வருகிறான். முதலில் பாதி முகம், இப்போது முழு முகம், அடுத்தது உயிர்.

மாப்பிள்ளையின் அம்மா இராக்கம்மா நேரில் வரவில்லை. ஆள் அனுப்பினாள். வந்த ஆள் இஸ்தோப்பில் உட்கார்ந்து, ரெங்கம்மா போட்ட தேத்தண்ணியையே குடித்துக்கொண்டு, அவளுக்கு முன்னாலேயே சொன்னான்.

"பொண்ணு மேல அவங்களுக்கு ஒரு கொறையும் இல்ல. கல்யாணத்தன்னைக்கு அம்மாக்காரி மணவறப் பக்கம் வரப்படாது, அவ்வளவுதான். வீட்டோட இருந்தா நல்லது. அதுக்கு ஒத்துக்கிட்டாத்தான் மேல பேச்சு. அப்புறம் சிவசக்தி, நிச்சயப் படத்துல அந்த ஓரத்த மட்டும் வெட்டிட்டு வேற ஒண்ணு போட்டுக் குடுப்பியாம்."

நிரோஷினி அழுதுகொண்டு உள்ளே போனாள். ரெங்கம்மா, "சரிங்க. புள்ள நல்லா இருந்தா போதுங்க. நான் வீட்லயே இருந்துக்கிறேன்" என்றாள்.

சிவசக்தி அந்த ஆளின் கையிலிருந்த கோப்பையைப் பிடுங்கி மிச்சத் தேத்தண்ணியை வாசலில் ஊற்றினாள்.

"வெட்டணுமா? பெத்தவளையா? போய்ச் சொல்லு, எங்கிட்ட கத்தரிக்கோல் இல்லேன்னு. அது பேயும் இல்ல பிசாசும் இல்ல, கமராவுல ஏதோ பழுது. என்னா பழுதுன்னு கண்டுபிடிச்சிட்டு நானே ஹாலிஎலைக்கு வாறேன். அதுவரைக்கும் மூடிக்கிட்டு இருக்கச் சொல்லு."

வாயை விட்டுவிட்டாள். பழுது என்ன என்று அவளுக்குச் சத்தியமாகத் தெரியாது.

முதலில் லென்ஸைச் சந்தேகப்பட்டாள். சூரியனைப் பார்த்து எடுத்தால் லென்ஸுக்குள் வெளிச்சம் சிதறிப் படம் முழுக்க வெளுப்பது உண்டு. கறுப்பு அட்டையைச் சுருட்டி லென்ஸுக்கு ஒரு தொப்பி செய்து போட்டு, அதே வாசலில், அதே காலையில், வெறும் இடத்தைப் படம் எடுத்தாள். கழுவிப் பார்த்தால் மற்ற இடமெல்லாம் தெளிந்திருந்தது. வெள்ளை மட்டும் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தது. அடுத்தது பின் கதவு. பழைய கமரா, கதவு இடுக்கால் வெளிச்சம் கசியலாம். கறுப்பு டேப்பை எடுத்துக் கதவைச் சுற்றி, காயத்துக்குக் கட்டுப் போடுவதுபோல ஒட்டினாள். அப்போதும் வெள்ளை வந்தது. டவுனில், மரநிழலில், மூடுபனியில் எடுத்த படங்களைப் பார்த்தால் ஒன்றும் இல்லை. சூரியனைக் கண்டால்தான் அதற்கு உயிர் வருகிறது. சிவசக்தி பிலிமை மேசையில் எறிந்துவிட்டு, ஸ்டூடியோவுக்குப் படம் எடுக்க வந்த ஒரு அப்பாவி மனுஷனிடம் எரிந்து விழுந்தாள். அவர் பயந்துபோன மூஞ்சியோடுதான் அவருடைய அடையாள அட்டை வரும்.

லத்தீப் அந்தப் பிலிமை எடுத்து ஜன்னலில் பிடித்துப் பார்த்தார். பிலிமில் எல்லாம் தலைகீழ். வெள்ளை கறுப்பாக இருக்கும்.

"தங்கச்சி, கத்துறத வெச்சிட்டு இங்க பாருங்க. பின் கதவால வெளிச்சம் வந்திருந்தா கட்டத்துக்கு வெளியேயும் ஒழுகி ஈக்கும், இந்த ஓட்ட ஓட்டயா ஈக்கிற விளிம்பு வரைக்கும். இது கட்டத்துக்குள்ளயே நிக்குது. அப்ப முன்பக்கத்தாலதான் வருது."

சிவசக்தி அவர் கையிலிருந்து பிலிமைப் பிடுங்கினாள். மூன்று கூட்டப் படத்தின் துண்டுகளையும் தேடி எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஜன்னல் கண்ணாடியில் அழுத்திப் பிடித்தாள். ஆட்கள் ஒருவர்மேல் ஒருவர் ஏறிக் குழம்பிப் போனார்கள். மூன்று கறுப்புப் புள்ளியும் ஒன்றின்மேல் ஒன்று சரியாக உட்கார்ந்தன. வெறும் வாசலை எடுத்த துண்டையும் மேலே வைத்தாள். அதே இடம்.

"நானா, இது ஆள் பின்னாடி போகல்ல! இது இருந்த எடத்துலயே இருக்கு. அந்த எடத்துல யாரு நின்னாலும் விழும். அந்த மனுசி எப்பவும் ஓரத்துல நிக்கிறதால அவ தலையில விழுது!"

லென்ஸைக் கழற்றி, பின் கதவைத் திறந்து, போன் டோர்ச்சை உள்ளே பிடித்துக்கொண்டு, இருட்டறையில் கண்ணை வைத்துப் பார்த்தாள். அந்தக் கமராவுக்குள் பிலிமை மறைத்துக்கொண்டு கறுப்புத் துணித் திரை ஒன்று இருக்கும். பட்டனை அமுக்கினால் அது ஓடித் திறந்து மூடும். அந்தத் துணியில் ஓர் ஊசிமுனை அளவு வெளிச்சம் மினுங்கியது. சுற்றிலும் துணி கருகியிருந்தது.

"சூரியன் சுட்ட ஓட்டை" என்றார் லத்தீப். "பூதக்கண்ணாடியால கடதாசி எரிக்கிறதில்லயா, அதேதான். மூடியக் கழட்டி வெயில் பக்கம் பாக்க வெச்சா லென்ஸு துணியப் பொசுக்கிப் போடும். நீங்க அப்பிடி வெச்சீங்களா?"

"எனக்கென்ன பைத்தியமா?"

இப்போது எல்லாம் விளங்கியது. மூட்டமான நாளில் அந்த ஓட்டையால் வருகிற வெளிச்சம் பிலிமுக்கு உறைக்காது. சூரியனுக்கு நேரே, மூடியைக் கழற்றிவிட்டு, 'கிட்ட வாங்க, நெருங்கி நில்லுங்க, யாருடா அவன் தலையக் குனியிறது' என்று அவள் கத்திக்கொண்டு நிற்கிற நேரமெல்லாம் அது உள்ளே ஒழுகியிருக்கிறது; கத்திய நேரம் கூடக்கூட வெள்ளையும் பெருத்திருக்கிறது. வெறும் வானத்தில் விழுந்தால் வானத்தோடு வானமாகப் போயிருக்கும். கூட்டத்தில் விழுந்ததால் ஒருத்தி தலையில் விழுந்தது.

பழுதைக் கண்டுபிடித்த சந்தோஷம் பஸ் ஏறும்வரைக்கும்தான் இருந்தது. இறங்கும்போது திரும்பவும் கோபம். எவர் கை வைத்தது? எவர் வைத்த கையால் அந்தப் பொம்பளைக்கு இந்தக் கதி? லயத்து வாசலில் நின்று கத்தினாள்.

"எவ என் கமராவ வெயில்ல வச்சது? இப்பவே சொல்லிருங்க! கண்டுபிடிச்சேன்னா சும்மா விடமாட்டேன்!"

கதவுகளில் தலைகள் தெரிந்தன. எல்லாரும் உள்ளே போன பிறகு ரெங்கம்மா வந்தாள். முந்தானையைக் கையில் முறுக்கிக்கொண்டு நின்றாள்.

"சத்தி, நான்தான்."

சிவசக்திக்கு விளங்கவில்லை. ரெங்கம்மா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"பொங்கலன்னைக்கு பானைக்கு முன்னால எல்லாச் சாமானும் சூரியன பாத்து வச்சிருந்திச்சு. கவ்வாத்துக் கத்தி, கூடை, தம்பியோட மண்வெட்டி. ஒன் கமராவும் இருந்திச்சு. அது மட்டும் கண்ணப் பொத்திக்கிட்டு அந்தப் பக்கம் திரும்பி இருந்திச்சு. நீ அத வச்சுக்கிட்டு எவ்வளவு பாடுபடுற. அதையும் சூரியன் பாக்கட்டுமேன்னு மூடிய கழட்டி திருப்பி வச்சேன். பொங்கிப் படைச்சதும் மூடிட்டேன். பானப் பக்கம் நான் வந்தது தெரிஞ்சா ஏசுவாங்கன்னு யாருகிட்டயும் சொல்லல்ல."

கத்த வந்த சிவசக்தி அந்த நாளை நினைத்துப் பார்த்தாள். எல்லாரும் பானையைச் சுற்றி நின்று பொங்கலோ பொங்கல் என்று கத்துகிறார்கள். அந்தச் சத்தத்தில் ஒருத்தி ஓரத்திலிருந்து களவாக வந்து, தனக்கு ஒன்றும் கேட்காமல், இன்னொருத்தியின் கமராவுக்காகக் கும்பிட்டுவிட்டு ஓடிப்போயிருக்கிறாள். இது வெளியே தெரிந்தால் என்ன நடக்கும் என்று சிவசக்திக்கு நன்றாகத் தெரியும். 'பார்த்தியா, அவ தொட்டுத்தான் கெட்டுச்சு' என்பார்கள்.

ரெங்கம்மா போகாமல் நின்றாள்.

"அப்ப, அது அவரு இல்லயா சத்தி?"

"என்னாக்கா?"

"அந்த வெள்ள. எல்லாரும் பயந்தாங்க. நான் பயப்படல்ல. மொதப் படத்த நீ குடுத்தீல்ல, அத ட்ரங்குப் பெட்டியில வச்சிருக்கேன். ஒடம்புகூட கெடைக்காத மனுசன். இப்பயாச்சும் வழி தெரிஞ்சு வந்துட்டாருன்னு நெனச்சேன். மக கல்யாணம்னு தெரிஞ்சு வந்துட்டாருன்னு."

சிவசக்திக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. யாரைத் திட்டுவது என்று தெரியாத கோபம். மலையைத் திட்ட முடியாது. சூரியனைத் திட்ட முடியாது. மிச்சம் இருந்தது இராக்கம்மா.

அடுத்த லீவு நாள் காலையிலேயே ஹாலிஎலைக்குப் போய்விட்டாள். இராக்கம்மா வாட்டசாட்டமான மனுஷி. வீட்டில் எல்லாரையும் ஒரு பார்வையில் உட்காரவைக்கிறவள். தேத்தண்ணியை ஊற்றிய கதை அவளுக்கும் வந்து சேர்ந்திருந்தது. இருந்தாலும் "மாப்ள வீட்டுப் படம் ஒண்ணு எடுக்க வந்தேன்" என்று சிவசக்தி பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தபோது, பட்டுச்சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டாள். படத்துக்கு நிற்பதில் மட்டும் யாருக்கும் பகை கிடையாது.

ஓட்டையை அடைக்க லத்தீப் கொடுத்த கறுப்பு ரப்பர் பூச்சு பையில் இருந்தது. சிவசக்தி அடைக்கவில்லை. சூரியனுக்கு எதிரே நின்று, இராக்கம்மாவை வரிசையின் ஒரு முனையில் நிறுத்தி, மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு, சேலை மடிப்பைச் சரிசெய்யச் சொல்லி ஆற அமர நேரம் கடத்தினாள். பிறகு மாப்பிள்ளையின் பெரியப்பாவை அதே முனையில் நிறுத்தி எடுத்தாள். தொழுவத்து மாட்டைக் கொண்டுவந்து நிறுத்தி எடுத்தாள். கடைசியில் தண்ணீர் பீப்பாயையும் எடுத்தாள். "பீப்பா எதுக்கு?" என்று கேட்டார்கள். "அழகா இருக்கு" என்றாள்.

கல்யாணத்தைப் பேசி முடிக்க இராக்கம்மா தன் ஆட்களோடு லயத்துக்கு வந்த அன்று, இஸ்தோப்பில் பாய் விரித்திருந்தது. ரெங்கம்மா அடுப்படிக் கதவோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். வெற்றிலைத் தட்டு வைக்க இருந்த இடத்தில் சிவசக்தி படங்களைப் போட்டாள்.

இராக்கம்மா தன் படத்தை எடுத்தாள். பட்டுச்சேலை இருந்தது, கழுத்துச் சங்கிலி இருந்தது. தலை இருந்த இடத்தில் வெள்ளை. "ஐயோ மாரியாத்தா!" என்று படத்தைக் கீழே போட்டாள். "இந்த வீட்டுப் பேய் எங்க வீட்டுக்கும் வந்திருச்சு!"

"இருங்கம்மா, அவசரப்படாதீங்க. இது மாப்ளயோட பெரியப்பா. அவரு தலையிலயும் பேய். இந்தா உங்க மாடு. மாட்டுக்குமா புருசன் செத்துப்போனான்? இது உங்க தண்ணிப் பீப்பா. சொல்லுங்க, பீப்பாவுக்கு யாரு செத்தா?"

பின்னால் நின்ற சனத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். பெரியப்பா படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சிவசக்தி விடவில்லை. கமராவைத் திறந்து, டோர்ச்சை உள்ளே பிடித்து, தலையில் துண்டைப் போட்டு இராக்கம்மாவைப் பார்க்கச் சொன்னாள்.

"ஏதோ மினுங்குது" என்று துண்டுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"அதுதாம்மா பேய். ஒரு ஊசி ஓட்டை. இதுக்குத்தான் பெத்தவள வீட்டோட கெட, மணவறப் பக்கம் வராதேன்னு ஆளனுப்புனீங்க. ஒரு மனுசிய, மண்ணுல எல்லாத்தையும் குடுத்துட்டு ஒத்தப் புள்ளைய வளத்தவள! அப்படியே அந்த மனுசன் வந்திருந்தாத்தான் என்னா? மக கல்யாணத்துக்கு அப்பன் வரக்கூடாதா? கூப்பிடாம வாறவங்களா இல்ல உங்க பக்கத்துல?"

இராக்கம்மா துண்டை எடுத்துவிட்டு எழுந்தாள். தோற்றுப் பழக்கமில்லாத மனுஷி, சுற்றுமுற்றும் பார்த்தாள்.

"சரி, ஓட்டதான். அந்த ஓட்ட எப்படி வந்திச்சு? யாரு போட்டா?"

அடுப்படிக் கதவில் ரெங்கம்மா அசைந்தாள். வாயைத் திறந்தாள்.

"நான்தான்" என்றாள் சிவசக்தி, சத்தமாக. "பொங்கலன்னைக்கு மூடியக் கழட்டிச் சூரியனுக்கு முன்னால வச்சது நான்தான். போதுமா? என் கமரா, என் பொங்கல், என் புத்தி. ஏசுறதுன்னா என்னை ஏசுங்க."

எதையும் அழிக்கக் கூடாது என்று பிலிமைக் கட்டிக்கொண்டு திரிகிறவள் அன்றைக்கு ஓர் உண்மையை முழுசாக அழித்தாள். அதற்காக அவளுக்குக் கொஞ்சமும் கோபம் வரவில்லை.

இராக்கம்மா மறுபடி பாயில் உட்கார்ந்தாள். சேலையைச் சரிசெய்தாள். "சரி விடு. வரட்டும். நான் என்னா கல்நெஞ்சுக்காரியா? கல்யாணத்துக்கு வரட்டும். ஆனா முறைன்னு ஒண்ணு இருக்குல்ல. ஓரமா நிக்கட்டும்."

அவ்வளவுதான். சிவசக்தி கமராவைத் தூக்கி அவளுடைய மூஞ்சிக்கு நேரே பிடித்தாள்.

"ஓரத்துலதாம்மா ஓட்ட இருக்கு! ஓரமா நிக்கிறவங்க தலையிலதான் விழும். இத்தன நேரம் என்னாத்தப் பாத்தீங்க? அவங்க நடுவுல நிக்கட்டும். முறை முக்கியம்னா நீங்க போய் ஓரத்துல நில்லுங்க."

பெரியப்பா இருமினார். நிரோஷினி உள்ளே இருந்து வெளியே வந்து, எல்லாருக்கும் முன்னால் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து பாயின் நடுவில் உட்காரவைத்தாள். இராக்கம்மா அந்தப் படத்தை, தலையில்லாத பட்டுச்சேலையை, இன்னொரு தடவை பார்த்தாள். வெற்றிலைத் தட்டைக் கொண்டுவரச் சொன்னாள்.

கல்யாணம் கோவிலில் நடந்தது. ரெங்கம்மா மணவறையில் மகளுக்குப் பக்கத்தில் நின்றாள். நிற்கத் தெரியாமல் நின்றாள். கால் தானாக ஓரத்துக்கு நகரும்போதெல்லாம், கமராவுக்குப் பின்னாலிருந்து, "அக்கா!" என்று ஓர் அதட்டல் வரும், திரும்ப வருவாள். கோவிலுக்குள் நிழல். அதனால் ஓட்டையால் ஒன்றும் வரவில்லை.

எல்லாம் முடிந்து வெளியே வந்தபோது வெயில் நன்றாக ஏறியிருந்தது. சனம் சாப்பாட்டுப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. ரெங்கம்மா மகளைக் கூட்டிக்கொண்டு சிவசக்தியிடம் வந்தாள்.

"சத்தி, அந்த ஓட்டைய இன்னும் அடைக்கல்லேன்னு சொன்னீல்ல?"

"நாளைக்கு அடச்சிருவேன்க்கா. மருந்து பைக்குள்ளயே இருக்கு."

"அடைக்கிறதுக்கு முந்தி எங்களுக்கு ஒரு படம் எடுப்பியா? சூரியன் பக்கம் பாத்து." அவள் கொஞ்சம் தயங்கினாள். "எனக்குத் தெரியும், அது ஓட்டதான்னு. தெரிஞ்சுதான் கேக்குறேன்."

சிவசக்திக்கு வந்ததே ஒரு கோபம். "இதுக்குத்தானா நான் நாயாப் பேயா அலஞ்சேன்? ஊரெல்லாம் பேய் இல்ல பேய் இல்லேன்னு கத்திக் கத்தித் தொண்ட போச்சு. நீங்களே வந்து கேட்டா நான் எங்கக்கா போய் முட்டிக்கிறது?" என்று பொரிந்துகொண்டே அம்மாவையும் மகளையும் தோளைப் பிடித்துத் திருப்பினாள். சூரியன் அவர்களுடைய முதுகுக்குப் பின்னால் வந்தது. இரண்டு பேரையும் நடுவில் நிறுத்தினாள். பிறகு, "கொஞ்சம் இந்தப் பக்கம், இன்னும் கொஞ்சம்" என்று, படத்தின் ஓரத்தில் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம் விட்டாள். மூடியைக் கழற்றினாள். உடனே எடுக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, இருவரையும் வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்டு, வெளிச்சம் உள்ளே ஒழுகட்டும் என்று நின்றாள்.

இருட்டறையில் அந்தப் பிரதி மருந்துத் தண்ணீரில் மெல்ல மெல்ல எழுந்து வந்தது. நடுவில் மகள், பக்கத்தில் ரெங்கம்மா, ஓரத்தில் தலை உயரத்தில் ஒரு வெள்ளை, அதற்குக் கீழே தோள்போலப் படர்ந்த புகை. லத்தீப் அவளுடைய தோளுக்குமேல் எட்டிப் பார்த்தார்.

"ஓரத்துல சும்மா எடம் ஈக்குதே தங்கச்சி. அத வெட்டிப் போட்டா படம் இன்னும் நல்லா ஈக்கும். வெட்டவா?"

"வெட்டுனா கைய ஒடிச்சிப் போடுவேன் நானா" என்றாள் சிவசக்தி.

லத்தீப் அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டு, கத்தரிக்கோலை மேசை லாச்சிக்குள் போட்டு மூடினார்.